நீலக் குதிகால்

"அந்த நீலக் குதிகால் ஷூ இருந்தா எடுங்க. வேற எதையாவது காட்டி என் நேரத்த வீணாக்காதீங்க."

சொல்லிவிட்டுத் தபால் பையை இறக்கி வைத்து, ஸ்டூலில் சட்டமாக உட்கார்ந்தாள் தபால்காரி. காலையிலிருந்து தெருத்தெருவாக ஏறி இறங்கிய கால். பாதத்தின் வெளி ஓரம் விண்விண்ணென்று தெறித்தது.

"அதுவேதான் வேணும்ங்கறீங்களே, ஏங்க்கா?" என்று கேட்டபடி எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள் கடைக்காரப் பெண்.

"ஞாயித்துக்கிழமை பத்து கிலோமீட்டர் பந்தயம் இருக்கே, அதுக்குத்தான். மூணு வருஷமா நான் ரெண்டாவது. மூணு வருஷமா ஒருத்தி எனக்கு முன்னாடி ஓடிக்கிட்டே இருக்கா. அவ மூஞ்சியக்கூட நான் பார்த்ததில்ல. பார்த்ததெல்லாம் முதுகும் அந்த நீலக் குதிகாலும்தான்."

அளவுப் பலகையை நகர்த்திய கை ஒரு கணம் நின்றது. "பரிசு குடுக்கறப்போ பார்த்திருக்கலாமே?"

"எங்க பார்க்கறது? தொப்பியக் கண்ணு வரைக்கும் இழுத்து விட்டுக்குவா. கோட்டத் தாண்டினதும் ஆள் மாயம். மேடையில கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வத்திப்போய், கோப்பைய வீட்டுக்கு அனுப்பி வைப்பாங்க. அவ்வளவு திமிரு."

"ஏதாவது வேலை இருந்திருக்கும்."

"என்ன பொல்லாத வேலை? எங்க ஆபீஸ்ல எனக்குப் பேரே 'ரெண்டாவது அக்கா'ன்னு ஆகிப்போச்சு. அடுத்த வருஷம் எனக்கு நாப்பது. மூத்தவங்க பிரிவுல தூக்கிப் போட்டுருவாங்க. அப்புறம் அவளோட ஓடவே முடியாது. இந்தத் தடவை விட்டா விட்டதுதான்."

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தபால்காரிக்கே வெட்கமாக இருந்தது. ஒரு ஜோடி ஷூவுக்காகக் கண்ணைக் கசக்குகிற வயதா இது?

கடைக்காரப் பெண் எழுந்தாள். உள்ளே போய் ஒரு தட்டில் தண்ணீரும் பழுப்புக் காகிதமும் கொண்டுவந்தாள். "கால நனைச்சு இதுல நில்லுங்க."

காகிதத்தில் குதிகால் ஒரு வட்டம், விரல்களுக்குக் கீழே ஒரு திட்டு. அவ்வளவுதான் விழுந்திருந்தது.

"பார்த்தீங்களா, நடுவுல ஆளையே காணோம். உங்களுக்கு நல்லா வளைஞ்ச பாதம். நீலக் குதிகால் தட்டைப் பாதத்துக்குச் செஞ்சது. உள்பக்கம் கெட்டியா முட்டு வச்சிருக்கும், உங்க கால வெளிப்பக்கமாத் தள்ளிடும். பாதித் தூரம் தாண்டினா வெளி ஓரம் எரியுமே?"

தபால்காரி குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள். போன வருடம் யார் பேச்சையோ கேட்டு வாங்கியதும் முட்டு வைத்த ஷூதான். எரிந்ததும் அங்கேதான்.

"அப்போ அவ மட்டும் எப்படி அதப் போட்டுக்கிட்டுப் பறக்கறா?"

"அவங்களுக்குத் தட்டைப் பாதம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த ஷூவுக்கு அளவு பார்த்ததே நான்தானேக்கா."

"அப்படியா? யாரு அவ, சொல்லுங்க."

"வாங்கறவங்க விஷயத்த வெளிய சொல்லக் கூடாது. கடை வழக்கம்." ஏணியில் ஏறி மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினாள். உள்ளே சாம்பல் நிறத்தில், பார்க்கச் சுமாரான ஒரு ஜோடி. "இத நியூட்ரல்னு சொல்லுவோம். எந்தப் பக்கமும் தள்ளாது. அடியில நல்ல மெத்தை. உங்க பாதம் மேல தூக்கலா இருக்கறதால, நடுவுல ஒரு ஓட்டைய விட்டுட்டு லேஸ் கோத்துக்கோங்க. அழுத்தாது."

தபால்காரி தெருவில் இறங்கி விளக்குக் கம்பம் வரை ஓடிப் பார்த்தாள். திரும்பி வரும்போது அவள் முகம் மாறியிருந்தது.

"வலிக்கவே இல்லம்மா. ஜெயிச்சா நேரா இங்கதான் வருவேன்."

"ஒன்பது மணிக்கு வாங்க. ஞாயித்துக்கிழமை நான்தான் கடை திறக்கணும்."

பந்தயத்தில் ஒன்பதாவது கிலோமீட்டர் வரை எல்லாம் வழக்கம்போலத்தான். முன்னால் அதே தொப்பி, அதே முதுகு, அதே நீலக் குதிகால். ஆனால் பாதம் எரியவில்லை. அதுவே அவளுக்குப் பாதி பலம். பாலத்து ஏற்றத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். முதுகு கிட்டே வந்தது. தோளோடு தோள் வந்தது. பிறகு முன்னால் யாருமே இல்லை. வெறும் சாலையும் ரிப்பனும்தான்.

ரிப்பனை நெஞ்சால் அறுத்துக்கொண்டு போனாள். தபால் ஆபீஸ் கும்பல் மொத்தமும் "முதலாவது அக்கா" என்று கத்தித் தொண்டையைக் கிழித்துக்கொண்டது. அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். அப்புறம்தான் ஞாபகம் வந்து, அந்தத் திமிர் பிடித்தவள் முகத்தை இன்றைக்காவது பார்த்துவிடுவோம் என்று திரும்பினாள்.

நீலக் குதிகால்காரி முழங்காலில் கையூன்றிக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் கண் தபால்காரியின் ஷூமேல்தான் இருந்தது.

"நடு ஓட்டைய விட்டுத்தான் கோத்திருக்கீங்க, சபாஷ்" என்று தொப்பியைக் கழற்றி நிமிர்ந்தாள் கடைக்காரப் பெண். "மேடைக்குப் போங்கக்கா, மணி எட்டே முக்கால், நான் போய்க் கடை திறக்கணும்."