தெருவுக்கு ஒரு சாவடி

காலை ஒன்பது மணி. பதினோரு வீடுகள். ஓவர்சியர் இக்னேஷியஸ்.

சாந்தோம் கடற்கரைக்குப் போகும் அந்தச் சந்தில் அவர் முன்னால் நடந்தார். பின்னால் வந்த கூலியாள், வீட்டுக்கு வீடு பக்கச்சுவரில் சுண்ணாம்புக் கோடு இழுத்துக்கொண்டே வந்தான்.

ரோட்டோரத்தில் பத்தடி காலியாக விட வேண்டும் என்பது சட்டம். கோட்டுக்கு முன்னால் இருப்பதெல்லாம் இடிபடும். பதினைந்து நாள் நோட்டீஸ். பதினோரு வீட்டிலும் முன்னறை கோட்டுக்கு முன்னால்தான் இருந்தது.

லூயிசா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். உள்ளே கட்டிலில் அவள் புருஷன் ஆம்ப்ரோஸ் இருமிக்கொண்டிருந்தான். காசநோய். எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லை.

"முன்சுவரு போச்சின்னா உத்தரம் நிக்காது சார். மொத்தக் கூரையும் வுழுந்துடும். இந்த மனுசன எங்க கொண்டுபோய்ப் போட்றது?"

"சட்டம்மா."

"முனையில சர்க்கார் கிடங்கு கீதே, அதோட படிக்கட்டு நடுரோட்டுக்கே வந்துகினு கீது. அதுக்கு இல்லியா சட்டம்?"

"அது சர்க்கார் கட்டடம். அதுக்கு இந்தச் சட்டம் கிடையாது."

"ஓகோ! சர்க்காருன்னா ரோடே ஒதுங்கி வழி வுடுமா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். இக்னேஷியஸ் சிரிக்கவில்லை. உள்ளே எட்டிக் கட்டிலைப் பார்த்தார். அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார்.

"இந்த முன்னறை சர்க்காருக்கு வேணும். ஏ.ஆர்.பி. சாவடி வைக்கணும். இன்னிக்கே காலி பண்ணு."

1943-ஆம் வருஷம் அது. சப்பான்காரன் விமானம் வந்தால் ஊரை உஷார்ப்படுத்தும் வார்டன்களுக்காகப் பட்டணத்தில் அங்கங்கே இப்படிச் சாவடிகள் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

லூயிசா வாசற்படியிலிருந்து இறங்கி வந்தாள்.

"இன்னிக்கேவா? ஊருக்கெல்லாம் பதினஞ்சு நாளு, எனக்கு மட்டும் இன்னிக்கா?"

"யுத்த காலம். சாயங்காலம் ஆள் வரும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்.

அடுத்த வீட்டுக்காரி கிளாடிஸ், இக்னேஷியஸின் கூடப்பிறந்த தங்கை. அங்கேயும் கோடு விழுந்தது. ஆனால் சாவடிப் பேச்சே எழவில்லை.

லூயிசா பிடித்துக்கொண்டாள்.

"ஏன், தங்கச்சி வூட்ல வெக்கிறது சாவடிய? அவ வூட்டு முன்னறை இன்னா, சின்னதா பூடுச்சா?"

"இங்க பாரு லூயிசா, எங்கண்ணன் எனக்கும்தான் கோடு போட்டுகீறாரு" என்றாள் கிளாடிஸ்.

"போட்டுகீறாரு, போட்டுகீறாரு. உனக்குப் பதினஞ்சு நாள் கீதில்ல? வூடு பாத்துக்குவ. பூசைக்கு மட்டும் மொத ஆளா வந்து முட்டி போட்டுட்டாப் போதுமா?"

சாயங்காலம் ஆள் வந்தது. கட்டில் அடுப்பங்கரைக்குள் நுழையவில்லை. ஆம்ப்ரோஸைப் பாயோடு தூக்கி அடுப்புக்குப் பக்கத்தில் கிடத்தினார்கள். முன்னறையில் மணல் மூட்டைகளும் தண்ணீர் வாளிகளும் ஏறின. வாசலுக்கு மேலே ஒரு பலகையை அடித்தார்கள்: 'ஏ.ஆர்.பி. சாவடி. சர்க்கார் கட்டடம்.'

லூயிசா தெருவில் இறங்கினாள். இரண்டு கையாலும் மண்ணை வாரி, இக்னேஷியஸ் போன திசையில் தூற்றினாள்.

"நீ நல்லா இருப்பியா! உன் குடும்பம் நடுத்தெருவுல நிக்கணும்!"

இரவெல்லாம் புகையில் ஆம்ப்ரோஸ் இருமினான். பகலில் வார்டன்கள் முன்னறையில் உட்கார்ந்து பீடி குடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் இக்னேஷியஸ் எதிரே வந்தபோது, லூயிசா காறித் துப்பிவிட்டு உள்ளே போனாள். அவர் கைக்குட்டையால் செருப்பைத் துடைத்துக்கொண்டார்.

நோட்டீஸ் கெடு முடிந்த அன்று நல்ல மழை. மேஸ்திரி அன்வர் பாஷா கடப்பாறை ஆட்களோடு வந்துவிட்டார். குடை பிடித்தபடி இக்னேஷியஸ் கூடவே நின்றார். ஒவ்வொரு முன்சுவரும் சரியச் சரிய, அதன் பின்னால் கூரையும் சரிந்தது. பெண்கள் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு மழையில் நின்றார்கள்.

லூயிசா அடுப்பங்கரைக்குள் ஓடி, ஆம்ப்ரோஸின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். இடிக்கிற சத்தம் அவள் வீட்டுக்கு முந்தின வீட்டுக்கு வந்தது. அங்கேயும் முடிந்தது.

அன்வர் பாஷா அவள் வாசலில் நின்று, பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இது சர்க்கார் கட்டடம்பா. கை வெக்கக்கூடாது. அடுத்த வூட்டுக்குப் போங்க."

லூயிசா எழுந்து வெளியே வந்தாள். எதற்கு வந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

கிளாடிஸ் குழந்தைகளை இழுத்துக்கொண்டு ஓடிவந்து இக்னேஷியஸின் குடைக்கம்பைப் பிடித்தாள்.

"அண்ணே! இதுக்குத்தானா அந்தப் பலகை? எனக்கு அடிச்சிருக்கக் கூடாதா? கூடப்பொறந்தவ இல்லியா நானு?"

"தெருவுக்கு ஒரு சாவடிதான் அனுமதி."

"மூணு புள்ளைங்கண்ணே! மழையில எங்க போவேன்?"

"உன் புள்ளைங்களால நடக்க முடியும்" என்றார் இக்னேஷியஸ். பிறகு மேஸ்திரியைப் பார்த்து, "நிறுத்தாதே, இடி" என்றார்.

"சார்…" என்றாள் லூயிசா.

அவர் திரும்பவில்லை. சுவர் விழுந்த சத்தத்தில் கேட்டிருக்காது.

ஆம்ப்ரோஸ் 1944 ஜூன் மாதம் அந்த அடுப்பங்கரையில், தன் கூரைக்குக் கீழே செத்தான். யுத்தம் முடிந்ததும் சாவடியை எடுத்துவிட்டார்கள். 1945 நவம்பர் 20-ஆம் தேதி லூயிசாவின் வீட்டையும் இடித்தார்கள்.