எழுதின ஆள்

“கட்டுரை எதைப் பற்றி?” வேணுஜா கேட்டாள்.

டோர்ட்மண்டில் ஒரு பல்கலைக்கழகத்தின் எழுத்து உதவி மையம் அது. சக மாணவர்களின் கட்டுரைகளுக்கு உதவுவது அவளுடைய பகுதிநேர வேலை. திருத்திக் கொடுக்கக் கூடாது, கேள்விதான் கேட்கலாம்.

எதிரே லக்ஸனும் அவன் அம்மா பேர்பெச்சுவாவும் இருந்தார்கள்.

“தாய் தகப்பனுக்காக ஒஃபிசுகளில டொச் பாஷையில கதைக்கிற பிள்ளையளைப் பற்றி,” என்றான் லக்ஸன். “நானும் ஏழு வயசில இருந்து அம்மான்ர டொக்டர், ஒஃபிஸ் டெர்மின் எல்லாத்துக்கும் போய்க் கதைச்சனான்.”

“கட்டுரை என்ன சொல்ல வருது?”

“பாஷை தெரியாத ஆக்கள் படுற கஷ்டத்தை.”

“அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. இதில புதுசா என்ன இருக்கு?”

லக்ஸன் கட்டுரைத் தாள்களைப் புரட்டினான். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“நீங்கள் சும்மா இருங்கோ அம்மா, நான் சொல்லுறன்.”

வேணுஜா பேனாவைக் கீழே வைத்தாள். “இப்பிடிச் சரிவராது. எழுதின ஆள்தான் கதைக்கவேணும். மற்ற ஆள் கொஞ்சம் வெளியில இருங்கோ.”

அம்மா அசையவில்லை. லக்ஸன்தான் முகம் சிவக்க எழுந்து போனான்.

கதவு சாத்தியதும் வேணுஜா கேட்டாள்: “இனிச் சொல்லுங்கோ அன்ரி. உங்கட கட்டுரையில புதுசா என்ன இருக்கு?”

பேர்பெச்சுவா தடங்கலில்லாத ஜெர்மனில் பதில் சொன்னார்:

“தாய் ஜெர்மன் படித்து, பல்கலைக்கழகத்துக்கே வந்துவிட்ட பிறகும், ‘உன் வேலை முடிந்தது’ என்று அந்தப் பிள்ளையிடம் யாரும் சொல்வதில்லை. எனக்கும் அதைச் சொல்ல மனம் வரவில்லை.”