ரம்பப் பல் கோடு

பொம்மைக்கு மூன்று இரவும் குளிரெடுத்திருக்கிறது. ஏன் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

திங்கட்கிழமை காலை. முதல் மணிக்கு இன்னும் பத்து நிமிடம். என் மாணவி கோரின் திருப்பிக் கொடுத்த பொம்மையைக் கணினியில் இணைத்து, அதன் மூன்று நாள் வாழ்க்கையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பள்ளியில் நான் நடத்தும் குழந்தை வளர்ப்புப் பாடத்துக்கு இதுதான் தேர்வு. வெள்ளிக்கிழமை மாலை ஆளுக்கொரு பொம்மைக் குழந்தையை எடுத்துப் போக வேண்டும். பசித்தால் அழும். ஈரமானால் அழும். காரணமே இல்லாமலும் அழும். எடுத்துப் போனவரின் கையில் நான் கட்டிவிட்ட பட்டையைக் காட்டினால்தான் அடங்கும். வேறு யார் தலையிலும் கட்டிவிட முடியாது. தலை தொங்கினாலும், பிடித்து உலுக்கினாலும், குளிரில் விட்டாலும் உள்ளே பதிவாகிவிடும்.

கோரினுடைய பதிவு அற்புதமாக இருந்தது. நாற்பத்திரண்டு அழுகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடத்துக்குள் பதில். தலை ஒருமுறைகூடத் தொங்கவில்லை. நான் கொடுத்தனுப்பிய மூன்று சட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக இன்னும் அதன் உடம்பில்தான் இருந்தன.

ஆனால் வெப்பக் கோடு சிவப்பு.

எங்கள் அயோவா மாநிலத்தின் நவம்பர் குளிரில் பிள்ளையை விறைக்க விட்டால் தோல்வி. அந்த விதியை எழுதியவளே நான்தான். தோற்றால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால், டிசம்பரில் அவளுக்கு வேலை தருவதாகச் சொன்ன குழந்தைகள் காப்பகம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்.

கோட்டின் வடிவம்தான் விசித்திரம். வீட்டு ஹீட்டர் கால் மணிக்கு ஒருமுறை தானே எரிந்து தானே அணையும். அதனால் கோடு லேசாக நெளியும், அவ்வளவுதான். இதுவோ ரம்பத்தின் பல் மாதிரி இருந்தது. பத்து நிமிடத்தில் விர்ரென்று ஏறுகிறது. பிறகு இரண்டு மணி நேரம் இறங்கிக்கொண்டே போய், தண்ணீர் உறையும் நிலைக்குச் சற்று மேலே வந்து நிற்கிறது. மறுபடி ஏறுகிறது.

ஜன்னலை விரியத் திறந்து வைத்தாளா? அப்படியானால் ஏறவே ஏறாது. தனியாக வேறு அறையில் கிடத்தினாளா? அப்படியானால் அவ்வளவு சீக்கிரம் ஓடிவந்திருக்க முடியாது.

அடுத்த வரி இன்னும் குழப்பியது. பொம்மையைக் குழந்தைகளுக்கான கார் இருக்கையில் வார் போட்டுக் கட்டியிருந்தது மொத்தம் இருபத்தேழு மணி நேரம். மூன்று நாளும் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை.

எங்கேயோ நெடும்பயணம் என்று வைத்துக்கொண்டாலும், ஓடும் காரில் சூடு சீராக இருக்குமே!

மாணவர்கள் வரத் தொடங்கினார்கள். டிரெவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"ஏய் கோரின், பிள்ளைய ஃப்ரிட்ஜ்லயா தூங்க வெச்ச? என் பிள்ளையப் பாரு, கொழுகொழுன்னு எப்படி இருக்கு!"

வகுப்பு சிரித்தது. கோரின் சிரிக்கவில்லை.

அவளை வகுப்பின் பின்னால், பொம்மைத் துணிகள் சுற்றிக்கொண்டிருந்த துவைக்கும் இயந்திரத்தின் பக்கம் அழைத்துப் போனேன். அதன் சத்தத்தில் நாங்கள் பேசுவது யாருக்கும் கேட்காது.

"வாரக் கடைசியில எங்கயாவது தூரமா போனீங்களா?"

"எங்கயும் போகல மிஸ்."

"அப்புறம் எதுக்கு ராத்திரி பூரா பிள்ளைய கார் சீட்ல கட்டி வெச்ச?"

என் பாடத்தை நானே மறந்துவிட்டதைப் போல என்னைப் பார்த்தாள்.

"கார்ல இருக்கற வரைக்கும் வார் போட்டேதான் வெக்கணும், மடியில வெக்கவே கூடாதுன்னு நீங்கதான மிஸ் சொன்னீங்க?"

இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"கார்ல யார் யாரு?"

"நானும் அம்மாவும்." பட்டை கட்டிய கையை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டாள். "எனக்கு வேலை கெடச்சா வீடு பாக்கலாம்னு அம்மா சொல்லியிருக்காங்க. ஃபெயில் போட்டுடாதீங்க மிஸ்."

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உதவவென்றே பள்ளியில் ஒருவர் இருக்கிறார், வகுப்பு முடிந்ததும் அவரிடம் கூட்டிப் போகிறேன் என்றேன்.

"மொதல்ல மார்க்" என்றாள்.

மேசைக்குத் திரும்பி, சிவப்பை அழித்து முழு மதிப்பெண் போட்டேன். திருத்தத்துக்குக் காரணம் எழுதாமல் கணினி விடாது. எழுதினேன்.

'நிற்கும் காரில், எஞ்சின் ஓடினால்தான் சூடு வரும். மூச்சுக்காக ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்தால், வந்த சூடும் போய்விடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்துப் பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டினால், விடியும்வரை மூன்று பேர் தாங்கலாம்.'