காது வெட்டின மூணு ஆடு

"அந்த மூணைத் தொடாதீங்க பாய்!"

பட்டிக்குக் குறுக்கே நின்றுகொண்டாள் சென்னம்மாள். ஆட்டு வியாபாரி உசேன், பிடித்த கயிற்றை விட்டுவிட்டுப் பச்சியப்பனைப் பார்த்தார்.

பச்சியப்பன் சென்னம்மாளின் கொழுந்தன். தர்மபுரியில் ஆபீஸ் வேலை. ஆடு எட்டையும் விற்றுப் பேங்கில் போடலாம் என்று அண்ணன் மாதப்பனிடம் பேசி முடித்து, மனைவி கண்ணம்மாளோடு புது ஸ்கூட்டரில் இண்டூர் வந்திருந்தான்.

"அண்ணனே சரின்னுட்டாரு. இப்ப என்ன அண்ணி?"

"அஞ்சை ஓட்டிட்டுப் போங்க. காது வெட்டின மூணும் போகாது."

உசேன் குனிந்து பார்த்தார். "நல்லாக் கொழுத்ததே இந்த மூணுதாங்க!"

"என்ன, சாமிக்கு நேர்ந்து விட்டதா?" என்றான் பச்சியப்பன்.

"அப்படியே வச்சுக்குங்க."

"பட்டிக்காட்டுப் புத்தி! ஒரு கழிச்சல் வந்தா மொத்தமும் செத்துக் கிடக்கும். பேங்குப் பணத்துக்குக் கழிச்சல் வருமா?"

"பேங்கு குட்டி போடுமா?"

"போடும் அண்ணி. அதுக்குப் பேருதான் வட்டி."

உசேன் சிரித்துவிட்டார். சென்னம்மாள் சிரிக்கவில்லை.

"கணக்கு யாரு பேருல?"

"அண்ணன் பேருலதான். பின்னே?"

"அப்ப அஞ்சு உங்க அண்ணன் பேருல இருக்கட்டும். மூணு மட்டும் ஒரு பொம்பளை பேருல மேயட்டும்."

பச்சியப்பனுக்குச் சுருக்கென்றது. "இதோ நிக்கறாளே, இவளும் பொம்பளைதான். வூட்டுச் செலவுல மிச்சம் பிடிக்கிற அஞ்சு பத்தைக்கூட என் கையிலதான் குடுப்பா. அது டவுன் குடும்பம். நீங்க புருசனுக்குத் தெரியாமப் பதுக்கறீங்க!"

கண்ணம்மாள் தரையைப் பார்த்தாள்.

அதுவரை ஒதுங்கி நின்ற மாதப்பன் மனைவியை ஒரு மாதிரி பார்த்தார். "யாருக்குடி பதுக்கற? உன் பொறந்த வூட்டுக்கா?"

சென்னம்மாளின் கண் கலங்கியது. ஆனால் பட்டியை விட்டு நகரவில்லை.

கடைசியில் ஐந்துதான் கிளம்பியது. அவள் கையால் தவிடு தின்று வளர்ந்தவை. உசேன் இழுக்க இழுக்கத் திரும்பிப் பார்த்துக் கத்திக்கொண்டே போயின. மாதப்பனும் பின்னால் நடந்தார்.

"இனி இந்த வூட்டுல கை நனைக்க மாட்டேன். கண்ணம்மா, வா!" பச்சியப்பன் தெருவுக்குப் போய் ஸ்கூட்டரை உதைத்தான்.

"பையை எடுத்துட்டு வரேங்க."

பையை எடுக்க வந்தவள் பட்டிக்குள் நுழைந்தாள். சினையாக நின்ற ஆட்டின் வெட்டுக் காதைத் தடவினாள்.

"என்னால நீங்க பேச்சு வாங்கினீங்களேக்கா. உங்க அஞ்சையும் ஓட்டிட்டுப் போயிட்டாங்களே!"

"அதை விடு. உன் ஆடு அடுத்த மாசம் குட்டி போட்டுடும்."

தெருவில் ஹாரன் அலறியது. கண்ணம்மாள் நிமிர்ந்தாள்.

"கேட்டீங்களாக்கா? நான் அவரு கையில குடுத்ததெல்லாம் அங்க நின்னு கத்துது. குட்டி போட்டதும் மறக்காம அதுக்கும் காதை வெட்டிடுங்க."