உள்ளேயா, வெளியேயா?

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த அந்த வீட்டில் காலையிலிருந்து ஒரே வழக்கு. சென்னைப் பக்கம் தண்ணீர்ப் பார்க்குக்குப் போகும் ராஜாராமும் மோனிகாவும் எங்கே தங்குவது?

"பார்க்குக்குள்ளயே ரிசார்ட் இருக்குது. அங்க தங்கலாம்" என்றாள் மோனிகா.

"தூங்கறதுக்கு எதுக்கு ரிசார்ட்? கேட்டுக்கு எதிர்லயே லாட்ஜ் இருக்குது" என்றான் ராஜாராம்.

மேல்மருவத்தூர் கோயிலுக்குப் போவதற்காகச் சிவப்புப் புடவையை மடித்துக்கொண்டிருந்த அவன் அம்மா மீனம்பாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மடித்ததைப் பிரித்தாள், வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"இன்னாம்மா டென்ஷன்? நீயும் வரணுமா?" மகன் சிரித்தான். "நீ சறுக்குல வுழுந்தா ஊரே சிரிக்கும். பேசாம கோயிலுக்குப் போயிட்டு வா."

"நான் வரலடா. அந்தப் பொண்ணு ஆசப்படுது. கல்யாணமாகி அவள எங்க இட்டுக்கினு போன? லாட்ஜுல மூட்டப்பூச்சி கடிச்சா அவ அப்பன் வீட்டுக்கு யாரு பதில் சொல்றது? உள்ளயே தங்குங்க!"

மாமியார் தன் பக்கம் பேசியதில் மோனிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ராஜாராம் ரிசார்ட்டிலேயே அறை போட்டான்.

மீனம்பாள் போனோடு தோட்டத்துப் பக்கம் விரைந்து, வல்லத்துச் சிநேகிதி குஞ்சம்மாளைக் கூப்பிட்டாள்.

"குஞ்சம்மா, அதுங்க உள்ள தங்குதுங்க. நம்ம கோஷ்டிக்குப் போட்ட எதிர் லாட்ஜ மாத்தாத. மருவத்தூர்ல சாமி கும்பிட்டதும் வேன நேரா பார்க்குக்கு வுடச் சொல்லு."

"பார்க்குக்குள்ள உன்னப் பாத்துட்டா இன்னாடி பண்ணுவ?"

"அடையாளம் எங்க தெரியப் போவுது? நான்தான் சுடிதார்ல இருப்பேனே!"