காடு வாய் மூடினால்

திருமலைசாமி கையைத் தூக்கினார். பின்னால் வந்த மூன்று பேரும் அப்படியே நின்றார்கள்.

ஜீப்பை விட்டு இறங்கும்போதே சொல்லியிருந்தார். கை மேலே போனால் பேச்சு, இருமல், தும்மல் ஒன்றும் கூடாது. எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை. டவுன்காரர்களிடம் காரணத்தைச் சொன்னால் இறங்கிய காலோடு திரும்ப ஏறிக்கொள்வார்கள்.

காரணம் இதுதான். மலை உச்சிச் சோலைக்காட்டில் மேகம் இறங்கிவிட்டால் கண்ணால் ஒரு பிரயோசனமும் இல்லை, காதுதான் துணை. குருவிகள் கத்திக்கொண்டிருக்கும்வரை பயமில்லை. அத்தனையும் ஒரே நேரத்தில் வாயை மூடினால், பக்கத்தில் யானை நிற்கிறது என்று அர்த்தம்.

இப்போது காடு வாயை மூடிவிட்டது.

கடைசியாக ஒரு குக்குறுவான் மட்டும் கீழே பள்ளத்தில் கனத்த குரலில் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அதுவும் நின்றுபோயிற்று. அப்புறம் ஒரு கீச்சுச் சத்தம்கூட இல்லை.

பத்தடிக்கு அப்பால் மரம் எது, பாறை எது என்று தெரியவில்லை. எங்கே திரும்பினாலும் வெள்ளை. அதற்குள் ஒன்று நின்றால், தும்பிக்கை மேலே பட்ட பிறகுதான் தெரியும்.

போன தை மாதம் இதே வளைவில்தான் எஸ்டேட் வாட்சர் ஒருவர் செத்துப்போனார். அவரைக் கீழே தூக்கி வந்தவர்களில் திருமலைசாமியும் ஒருவர். தூக்கி வந்தார்கள் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். வேட்டியில் கட்டி எடுத்து வந்தார்கள்.



வாரத்தில் ஆறு நாள் அவர் கருமத்தம்பட்டியில் தறிக்காரர். பதினாறு விசைத்தறி ஒன்றாக இரையும் ஷெட்டில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறவர். ஏழாம் நாள் காடு. அந்தத் தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் பைனாகுலர் மாட்டிக்கொண்டு திரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மனுஷன் கண்ணை மூடிக்கொண்டே குருவிக்குப் பேர் சொல்வார் என்று. இந்த வருஷம்தான் மலையில் குருவி வரத்தே இல்லை என்று போகிற இடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தார்.

மெல்லத் தலையை மட்டும் திருப்பினார்.

காந்திபுரத்தில் டிவி கடை வைத்திருக்கும் பாலகோபால் வாயைப் பிளந்தபடி அண்ணாந்து நின்றார். பாவம், விறைத்துப்போய்விட்டார். அவர் மனைவி சாந்தாமணி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். குலதெய்வத்தைக் கூப்பிடுகிறார் போலிருக்கிறது. காலேஜில் விலங்கியல் படிக்கிற லின்சி, இந்த நேரத்திலும் நோட்டில் என்னவோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். பயத்தை மறைக்கத்தான் இருக்கும்.

தன்னை நம்பி வந்த மூன்று உயிர். ஜீப்புக்கு முக்கால் மணி நேர நடை. ஓடினால் பாதை தப்பிவிடும். நின்றாலோ, எத்தனை நேரம்தான் நிற்பது?

மருதமலையானே, இவர்களை மட்டும் முழுசாக ஜீப்பில் ஏற்றிவிடு. அப்புறம் என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். தூக்கிய கை மரத்துப்போயிற்று. வேர்வை முதுகில் வழிந்தது, அந்தக் குளிரிலும்.

அப்போது லின்சி ஓரடி முன்னால் வந்து நோட்டை அவரிடம் நீட்டினாள். சரிதானா என்று பார்க்கச் சொல்கிற முகம்.

சிலம்பன், நான்கு. சின்னான், ஒரு ஜோடி. ஈப்பிடிப்பான், ஒன்று, மிக அருகில். ஒவ்வொரு குருவிக்கும் எதிரே கேட்ட நேரம் போட்டிருந்தாள். எல்லாம் இந்தப் பத்து நிமிஷத்துக்குள்.

சுள்ளென்று கோபம் வந்தது அவருக்கு. உயிர் போகிற நேரத்தில் என்ன விளையாட்டு? இதெல்லாம் எப்போது கேட்டது என்று கையாலேயே அதட்டினார்.

அவள் அவர் காதுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"இப்பத்தானுங்ணா. நீங்க கையத் தூக்குனதுல இருந்து விடாம கத்திட்டேதானுங்க இருக்குது."

சொல்லிவிட்டு விரலை நீட்டினாள்.

நான்கடி தள்ளி, பாசி பிடித்த கிளையில், ஒரு ஈப்பிடிப்பான். அலகு திறந்து மூடியது. தொண்டை துடித்தது. உடம்பு மொத்தமும் குலுங்கக் குலுங்கக் கத்திக்கொண்டிருந்தது.

திருமலைசாமிக்கு ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தார். சாந்தாமணி மூடிய கண்ணோடு சிரித்துக்கொண்டிருந்தார். பாலகோபாலின் விரல்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. பயந்தவர்கள் யாரும் அங்கே இல்லை, அவரைத் தவிர.

ஐயோ என்று வந்ததை விழுங்கிக்கொண்டார். யானைக்குப் பயந்த பயமெல்லாம் ஒரு பயமா? இருபத்திரண்டு வருஷத் தறிச் சத்தம் மனுஷப் பேச்சை மட்டும் விட்டுவைத்துவிட்டு, குருவியின் மெல்லிய குரலைக் காதிலிருந்து தின்றுவிட்டிருந்தது. இனி இந்தக் காடு அவருக்கு எப்போதும் வாய் மூடியேதான் இருக்கும். நிஜமாகவே மூடுகிற அன்றைக்கு அவருக்கு எப்படித் தெரியும்? இவ்வளவு நாள் எத்தனை பேரை இப்படிக் கூட்டி வந்தாரோ!

தூக்கிய கையை இறக்கினார். மேகம் இன்னும் விலகவில்லை. போகவேண்டிய தூரமும் குறையவில்லை.

"என்ர பக்கத்துலயே நட கண்ணு. குருவி அத்தனையும் ஒண்ணாக் கத்தறத நிறுத்துச்சுன்னா, வாயத் தொறக்காம என்ர கையப் புடி."

லின்சி அவர் முகத்தைப் பார்த்தாள். நோட்டைப் பைக்குள் போட்டுவிட்டு வந்து நின்றாள்.

நடந்தார்கள். ஒரு முப்பதடி போயிருப்பார்கள்.

ஜில்லிட்ட ஐந்து விரல்கள் அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தன.