அடைத்த பொந்தின் கீழே

வெயில் இன்னும் மர உச்சியை விட்டு இறங்கவில்லை. இருவாச்சிக் கூட்டுக்குக் காவலிருக்கும் அண்ணி, பொந்துக்கு நேர் கீழே பழைய சாக்கை விரித்து, அதில் உதிரும் இலைகளைப் பொறுக்கி எறிந்துகொண்டிருக்கிறாள். பக்கத்தில் கொழுந்தன் அண்ணாந்தபடி நிற்கிறான். முட்டையிட உள்ளே போன தாய்ப்பறவை பொந்தின் வாயைப் பூசி அடைத்துக்கொண்டுவிட்டது. சிறு இடுக்கு வழியே அதற்குப் பழம் ஊட்டுவது ஆண்பறவைதான். அந்தப் பழம் காய்த்த அத்திமரத்தை, வயலில் நிழல் விழுகிறதென்று மூன்று நாளுக்கு முன் வெட்டிச் சாய்த்தவன் இவன். அன்றிலிருந்து ஆண்பறவையைக் காணோம். உள்ளே உயிர் இருக்கிறது என்று சொல்லும் எச்சமும் சாக்கில் விழவில்லை.

"தெரியாம செஞ்சிட்டேன் அண்ணி."

"கோடாலிய எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருந்தா வாய் தேஞ்சா போயிருக்கும்?"

அப்போது துருத்தி ஊதுவதுபோல் சிறகோசை கேட்கிறது. எங்கோ வேறொரு மரத்தைக் கண்டுபிடித்துவிட்ட ஆண்பறவை, அடிமரத்தைப் பற்றிக்கொண்டு, தொண்டையிலிருந்து ஒவ்வொரு பழமாக எடுத்து இடுக்குக்குள் நீட்டுகிறது. உள்ளிருந்து வெளிறிய அலகு நுனி வாங்கிக்கொள்கிறது. இருவரும் சாக்கையே பார்த்திருக்கிறார்கள். வெகுநேரம் கழித்து, விதைகளோடு வெதுவெதுப்பாக ஏதோ சாக்கைத் தப்பி அவன் தோளில் விழுகிறது.

"தொடச்சுக்கப்பா," என்று சிரித்தபடி முந்தானையை நீட்டுகிறாள் அண்ணி.

அவன் வாங்கிக் கண்களைத் துடைத்துக்கொள்கிறான். தோளைத் தொடவில்லை.